பிழை இருந்தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த வரியோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் நிற்கவையுங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

வைத்தாயிற்றா?

ஏல நிறுவனத்தில் என்னை ஓவிய அச்சுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இத்தனை நாளும் உறை ஒட்டுவதும் நீள அகலம் அளப்பதும்தான் என் வேலை. இன்று காலை ஒருவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். பெரிய அலுவலகக் கூடம். நாற்பது அதிகாரிகள் கோப்புகளோடு நடக்கிறார்கள். ஒருவர் தன் செருப்பைப் பார்க்கிறார், ஒருவர் மின்விசிறியை, ஒருவர் விரித்த குடைக்குள்ளே முகத்தை வைத்திருக்கிறார். சுவரில் மஞ்சள் நிறத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. அதை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. அதன் கீழே புகார்ப் பெட்டி. பெட்டியின் வாய்வழியாக ஒரு செடி முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. மூலையில் தூணோடு சாய்ந்து ஒரு சைக்கிள்.

அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் மழைக்கு ஒதுங்கிய கண்காட்சியில் ஒரு சட்டை விலைக்கு வாங்கிவந்து, "சைக்கிள் படம்" என்று எல்லோருக்கும் காட்டினாரே, அதே படம்.

வரைந்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கடைநிலை ஊழியர்'. ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. அன்று அவர் படத்துக்கு விலையில்லை. இன்று வரிசை நிற்கிறது. இந்தப் படத்தை ஸ்கிரீன் பிரிண்டில் அறுபது பிரதிகள் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டு, அச்சடித்த திரைகளைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். அறுபத்தோராவது பிரதி என்று ஒன்று கிடையாது.

இனி உங்களுக்காக ஒரு செய்தி. பலகையில் 'பிழை இருந்தால் தெரிவிக்கவும்' என்றுதானே இருக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே 'பிழை இருந்தாள் தெரிவிக்கவும்' என்று போட்டிருக்கிறார். அந்த ஒரு ள்-இல்தான் மொத்த நக்கலும் இருக்கிறது. என் கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புகிற நீங்கள், எட்டு வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று இன்று முழுக்க யோசித்தேன். உங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன், சுவரைப் பார்த்ததில்லை.

இடது பக்கக் கீழ்மூலையில் எண் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். போனில் கேட்டிருப்பேன். நாலு வரிக்கு மேல் சொல்ல இருந்தால் எழுத வேண்டும் என்று விதி போட்டவர் நீங்கள்தான். அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள்
எலி


பிப்ரவரி 20

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் சுகம். உன் அண்ணனுக்குச் சுகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. பதற்றத்தில் எழுதியது என்று தெரிவதால் மதிப்பெண் குறைக்கவில்லை.

மெதுவாகச் சொல்லச் சொன்னாய். "உங்க சைக்கிள் படம் கொஞ்சம் விலை போகுமாம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

"எவ்வளவு?"

"தெரியலையாம்."

"தெரியலைன்னா நிறையன்னு அர்த்தம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை பூட்டிக் கிடக்கிறதே, அதன் ஷட்டருக்கு வெளியே நின்று அகலத்தைக் காலடியால் அளந்திருக்கிறார். பதினோரு அடி. பம்பு கம்பெனியை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வைப்பது என்பது எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய பேச்சு. இத்தனை வருஷம் அது பேச்சாகவே இருந்ததால் நானும் 'ஆமாம், வைக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மாடி வீட்டுக்காரரிடம், "உங்க பையன் சைக்கிளை இப்ப வெளியே எங்கயும் ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

எண் 17/60.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். படத்தில் சின்னக் குறை ஏதாவது இருந்தால் விலை ரொம்பக் குறையுமா? எட்டு வருஷம் மனிதர்கள் இருக்கிற வீட்டில் தொங்கியிருக்கிறது. எல்லாப் படத்திலும் ஏதாவது இருக்கத்தானே செய்யும்?

பிரஸ்ஸில் நான் பிழை திருத்த வேண்டிய, மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைக்கும் தாள்கள் குவிந்துவிட்டன. எனக்கு மூலத்தை வாசித்துக் காட்டுபவளுக்கு ஜலதோஷம். அவள் 'காற்புள்ளி' என்கிறாளா தும்முகிறாளா என்று தெரியாமல் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டேன். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

படித்துக்கொண்டே தூங்கிவிடாதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும். இங்கே நான் சுகம். பதினேழு என்று படித்ததும் எழுந்து அறைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த அறையில் நாலு எட்டுக்கு மேல் வைக்க முடியாது என்பது தனி.

எங்கள் பிரிவுத் தலைவியை நாங்கள் 'ஒற்றைக்கண் மேடம்' என்போம். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். அவரிடம் சொன்னேன். "உங்க வீட்டுப் படமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நீயே மதிப்பிடு. பட்டியல் குறிப்பையும் நீயே எழுது. கீழே உன் பேரோட முதலெழுத்தைப் போடு. வீட்டுப் படம்னு பூசி மெழுகினா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார். மே மாதத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. அதற்குள் சொந்தமாக ஒரு குறிப்பு எழுதினவர்களைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆகவே பதினேழாம் எண்ணில் அண்ணனுடைய கடை மட்டும் இல்லை.

குறைகளைப் பற்றிக் கேட்டீர்கள். வெயிலில் நிறம் மங்கியிருந்தால் கொஞ்சம் குறையும். பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் அதை எடுக்க ஆள் இருக்கிறார். நீர்க்கறை, மடிப்பு, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். எண்ணிலோ கையெழுத்திலோ படத்தின் எழுத்திலோ யாராவது கை வைத்திருந்தால்தான் பெரிய ஆபத்து. அதையெல்லாம் யார் செய்யப்போகிறார்கள்.

சட்டத்தை நீங்களே பிரிக்க வேண்டாம். சட்டக் கடைக்காரர் பிரித்துக் கொடுக்கட்டும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, சுருட்டாமல், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளைக்கே.

உங்கள்
எலி


மார்ச் 19

அன்புள்ள எலிக்கு,

நலம், நலமறிய ஆவல். படத்தை இன்று அனுப்பிவிட்டேன். தாமதத்துக்குக் காரணம் கேட்காதே. சட்டக் கடைக்காரர் ஒரு வாரம் ஊரில் இல்லை. அதன்பிறகு இரண்டு முறை தபால் அலுவலகம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். வழியில் சேதமாகிவிடுமோ என்று யோசனை.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து உன் அண்ணன் கடையில் எந்தப் பக்கம் டியூப் மாட்டுவது, எந்தப் பக்கம் காற்றடிக்கும் பம்ப் வைப்பது என்று வரைந்துகொண்டிருக்கிறார். தட்டில் சோறு ஆறுவது தெரியவில்லை.

உன் கடிதத்தைத் திருத்தவில்லை. அடுத்த முறை பார்க்கலாம்.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் நலமா? எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டையை விலக்கியதும் எல்லோரும் சுற்றி நின்றோம். மஞ்சள் நேற்று அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒற்றைக்கண் மேடம் குனிந்தார், பலகையைப் பார்த்தார், நிமிர்ந்தார். "கள்ளப் பிரதி" என்றார்.

'பிழை இருந்தால் தெரிவிக்கவும்.' உங்கள் படத்தில் எழுத்து சரியாக இருக்கிறது. ள் இல்லை, ல் இருக்கிறது.

"போலி அடிக்கிறவங்களுக்கு இந்த ஒரு வியாதி உண்டு. அசல் ஆளைவிடப் பிழையில்லாம எழுதிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். அண்ணன் காலடியால் அளந்த பதினோரு அடி என் கண்முன்னால் வந்து நின்றது. அந்தக் கண்காட்சியில் அண்ணனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எப்படி எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் மற்ற எதுவும் தப்பாக இல்லை. தாளின் கனம் சரி. மூலையில் அழுத்திய முத்திரை சரி. ஐந்து நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வரிசையும் சரி. பென்சில் கையெழுத்தும் அவருடையதுதான். எல்லாம் அசலாக இருந்து ஓர் எழுத்து மட்டும் எப்படிப் போலியாகும்? மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, படத்தை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தேன். அந்த ஓர் எழுத்தைச் சுற்றி மட்டும் தாள், தேய்ந்த துணிபோல மயிர் எழுந்து தெரிந்தது. லென்ஸ் வைத்தேன். மற்ற எழுத்துகளின் மை தாளின்மேல் பாலேடு படிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்த எழுத்தில் மட்டும் மை நாருக்குள் இறங்கியிருக்கிறது. யாரோ பழைய எழுத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் பேனாவால் புதிதாக எழுதியிருக்கிறார்கள். வலப்பக்கம், ள்-இன் கால் முடியளவு மிச்சமிருக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் லிஃப்ட்காரர் ஓடிவந்துவிட்டார். மேடம் மூன்று நிமிஷம் பார்த்தார். "அசல்தான். அடிபட்ட அசல்" என்றார்.

இப்போது விஷயம் இதுதான். படத்தின் நிலையைப் பற்றி நான் எழுதும் அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது: 'பின்னால் செய்யப்பட்ட மாற்றம்: யாரால், எப்போது'. அதை உரிமையாளர் சொல்லித்தான் நான் நிரப்ப முடியும். தெரியாது என்றால் 'சிதைக்கப்பட்டது' என்ற வரிசையில் போய்விடும், கால் விலைகூட வராது. "யார் செஞ்சதுன்னு தெரிஞ்சா அது படத்தோட கதை. தெரியலைன்னா அது சேதம்" என்கிறார் மேடம். தெரிந்தாலும் நல்ல விலை வரும் என்று அவர் சொல்லவில்லை. புகைப்படம் எடுத்து, 'கடைநிலை ஊழிய'ருடைய தபால் பெட்டி எண்ணுக்கும் அனுப்பியிருக்கிறோம். பட்டியல் ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

நான் யாரையும் கேட்கவில்லை. கட்டம்தான் கேட்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ல் அழகான எழுத்து. சுழியில் ஆரம்பித்து முடிவில் மெலிந்து, பக்கத்து எழுத்துகளோடு தோள் உரசாமல் நிற்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய கடிதங்கள் இருக்கும் பெட்டியை நான் திறக்கவில்லை.

உங்கள்
எலி


ஏப்ரல் 4

அன்புள்ள எலிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அவரும் படித்தார். பிரஸ்ஸில் வேலை அதிகம். நேரம் கிடைத்தாள் விவரமாக எழுதுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புல்ல எலிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா. கடிதம் எழுதி ரொம்ப வருசம் ஆச்சு, அதனாள் கோனலாக இருக்கும், கண்டுக்காதே.

அந்த எலுத்தை மாற்றியது நான்தான். கள்யானம் ஆன புதுசு. ஒரு நாள் படத்தை பாத்தேன். எலுத்து தப்பாக இருந்தது. எனக்கு பிலை இருந்தாள் பிடிக்காது என்று உனக்கே தெரியும். பிளேடாள் சுரன்டி பேனாவாள் எலுதினேன். இதிள் உன் அண்ணிக்கு எந்த சம்மந்தமும் இள்லை. அவளை ஒன்றும் கேக்காதே. இந்த கடிதத்தை அவளிடம் காட்டவும் வேண்டாம்.

கடை பற்றி கவலைபடாதே. பம்பு கம்பனியிள் சம்பளம் ஏத்துவதாக சொள்கிரார்கள். சைக்கிள் கடை எப்ப வேண்டுமானாலும் வைக்களாம், சைக்கிள் எங்கே போகபோகிரது.

அன்புடண்
அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை போன் செய்தேன். காலையில் கேட்டபோது "அண்ணி குளிக்கிறா" என்றார் அண்ணன். மத்தியானமும் குளித்தீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கும் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். இவ்வளவு சுத்தம் உடம்புக்கு ஆகாது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இத்துடன் அண்ணனுடைய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். உங்களிடம் காட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நான் காட்டவில்லை, திருத்தத்துக்கு அனுப்புகிறேன். இரண்டும் வேறு என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதை அப்படியே எடுத்து அறிக்கையில் எழுதிவிடலாம். மேடம் அண்ணனைப் பார்த்ததில்லை. ஆனால் கீழே என் எழுத்தைப் போட வேண்டும், அண்ணி. நான் முதன்முதலில் கையெழுத்திடும் குறிப்பு இது. நன்றாகப் பார்த்து, எங்கெங்கே தப்போ அங்கங்கே சிவப்பு மை போட்டு அனுப்புங்கள். நீங்கள் எப்படித் திருத்தி அனுப்புகிறீர்களோ அப்படியே எழுதுகிறேன். அச்சுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

உங்கள்
எலி


ஏப்ரல் 18

அன்புள்ள எலிக்கு,

நலமாக இருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் நலம்.

உன் அண்ணனுடைய கடிதத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை எண்ணி மாளவில்லை. தகவல் பிழை ஒன்றே ஒன்று. இரண்டாவது பத்தி, முதல் வரி: 'நான்தான்' என்பதை 'என் மனைவிதான்' என்று படிக்கவும்.

கல்யாணமாகிப் பதினொன்றாம் நாள். அப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. அவர் கம்பெனிக்குப் போனால் சாயங்காலம்வரை நானும் அந்தப் படமும்தான். அந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதை எடுத்தாலும் தப்பான டப்பா. திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் எதையோ சமைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே மஞ்சள் பலகை. பிழை இருந்தாள். யாரோ என்னைப் பற்றித்தான் எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். பத்து நாள் பொறுத்தேன். பதினொன்றாம் நாள் சட்டத்தின் பின்பக்க ஆணியை நிமிர்த்தி, படத்தை வெளியே எடுத்து, அவருடைய சவர பிளேடால் சுரண்டினேன். இந்திய இங்க் வாங்க மூன்று தெரு நடந்தேன். அந்த ல்-ஐத் தனித்தாளில் இருபது தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் பசித்தது. அந்த வீட்டில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

நக்கல் என்று எனக்குத் தெரியவில்லை, எலி. அச்சகத்தாரின் தப்பு என்றே நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அதை மறந்தும் போனேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது கை கழுவிய ஈரம் மறுபடி வந்த மாதிரி உள்ளங்கை வேர்த்தது. போன கடிதத்தில் ஒரு ள் போட்டிருந்தேன். தபால் பெட்டிக்குள் போட்டபிறகுதான் தெரிந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் போகவில்லை. எதிரே பழக்கடைக்காரர், "என்னம்மா, மோதிரம் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

நேற்று அவர் முன்னால் கடிதத்தை வைத்தேன். சிவப்பைப் பார்த்ததும் உன்னிடமிருந்து எனக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றேன்.

"நீ பண்ண அன்னிக்கே. மேசைக்குக் கீழ பேப்பர் தூள் கெடந்துச்சு. நான்தான் பெருக்கினேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"என்ன பண்ணியிருக்கேன்னு பார்த்தேன். ஒண்ணும் புரியல. சைக்கிளைத் தொடல. சரின்னு விட்டுட்டேன்."

ல், ள் இரண்டையும் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணு கால நீட்டியிருக்கு" என்றார்.

கடையை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்காதே. இந்த ஒரு வாரமாகப் பேருந்து நிறுத்தம் வழியே வராமல் சுற்றுவழியில் வீட்டுக்கு வருகிறார். அதனால்தான் சொல்கிறேன், கட்டத்தில் என் பெயரை எழுது. தெரியாது என்று எழுதாதே. கால் விலையோ அரைக்கால் விலையோ, செய்தது நான் என்று இருக்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் விசாரிக்க இன்று நேரமில்லை, மன்னியுங்கள். வந்திருக்கும் அட்டையை அப்படியே எழுதுகிறேன். பழைய விடுப்பு விண்ணப்பப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்.

'அறுபது பேருக்கு விற்றேன். தெரிவிக்கவும் என்று எழுதித்தான் விற்றேன். ஒன்பது வருடங்களில் ஒருவரும் தெரிவிக்கவில்லை. பார்த்துச் சிரித்தார்கள், மாட்டிவைத்தார்கள். படத்தில் நடந்துபோகும் அதிகாரிகளை நாற்பதோடு நிறுத்தியது என் தவறு. பதினேழாம் எண்காரர் மட்டும் நின்று பலகையைப் படித்திருக்கிறார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் பென்சிலால் கையெழுத்திட வேண்டும். இட்டால், திருத்தப்பட்ட ஒரே பிரதி என்று நான் சான்று எழுதித் தருகிறேன். கடைநிலை ஊழியர்.'

படித்துவிட்டு மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "யாரு அந்தப் பதினேழு?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். அப்படிச் சொல்லும்போது குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

எத்தனை புத்தகம் திருத்தியிருப்பீர்கள், அண்ணி? ஒன்றிலாவது உங்கள் பெயர் இருக்கிறதா? இந்த ஏலப் பட்டியலில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஓவியர் பெயருக்குக் கீழே, 'திருத்தம்' என்று போட்டு உங்கள் பெயர் வரப்போகிறது. சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அண்ணனும் வர வேண்டும், உரிமையாளர் படிவத்தை அவர்தான் நிரப்ப வேண்டும். முதல் வண்டியைப் பிடியுங்கள்.

எலி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திரும்பிப் போன அலுப்பெல்லாம் தீர்ந்திருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட மேசையில்தான் இதை எழுதுகிறேன். பென்சிலை நாலு தடவை சீவினீர்களே, அந்தச் சீவல் இன்னும் ஓரத்தில் கிடக்கிறது. மேடம் பொறுமையிழந்து, "அம்மா, இது காசோலை இல்ல" என்று சொன்னதும், அண்ணன் அந்தப் பக்கம் படிவத்தோடு போராடிக்கொண்டே, "அவசரப்படுத்தாதீங்க மேடம், தப்பு வந்துடும்" என்று சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது.

ஏலம் இன்று முடிந்தது. நான் போட்ட மதிப்பில் ஆரம்பித்தது. போனில் இரண்டு பேர், கூடத்தில் ஒரு பெரியவர். அவர் கையைத் தூக்காமல் சுருட்டிய செய்தித்தாளைத் தூக்குவார். மதிப்பு இரண்டு மடங்கானபோது போனில் ஒருவர் விலகினார். பெரியவர் செய்தித்தாளைத் தூக்குவதும் போன் ஆள் தலையசைப்பதுமாகப் போனது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மூன்று மடங்கில் சுத்தியல் விழுந்தது. பெரியவருக்குத்தான். மேடத்தின் இரண்டு கண்களும் முழுதாகத் திறந்திருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தோம். வெளியே வந்து, "திங்கட்கிழமை நேரத்துக்கு வா. இனிமே உனக்குத் தனி லென்ஸ்" என்றார். எனக்கு வேலை நிரந்தரம் என்பதை அவர் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். தொகையைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "பதினோரு அடி போதுமா எலி, பக்கத்துக் கடையும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

இதுவரை நல்ல செய்தி. இனி நான் சொல்ல வேண்டியது.

முப்பத்தொன்றாம் பக்கம். உங்களுக்கு வந்திருக்கும் பிரதியை இன்னும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் பெயரில் ல வர வேண்டிய இடத்தில் ள அச்சாகியிருக்கிறது. படிவத்தில் அண்ணன் அப்படி எழுதியிருக்கிறார். நான் சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். முந்நூறு பிரதிகள். பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை, அதிலும் திருத்தியவர் பெயரிலேயே பிழை. குறிப்பின் கீழே என் எழுத்து.

படத்தோடு போகும் பட்டியலில் ஒரு திருத்தத் தாள் வைக்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதினால் உடனே அச்சடித்துவிடுவேன்.

உங்கள்
எலி


மே 25

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உனக்கு வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் இரண்டு வீட்டுக்கு இனிப்புக் கொடுத்தேன். உன் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. முதல் தடவை.

பட்டியலை வந்த அன்றே பார்த்துவிட்டேன். பிரஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓவியர் பெயர். அதற்குக் கீழே 'திருத்தம்'. அதற்குப் பக்கத்தில் நான். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். பிறகு மூடிவைத்துவிட்டேன்.

எட்டு வருஷமாக உன் அண்ணன் என் பெயரை இப்படித்தான் எழுதுகிறார். அவர் எழுதும் மளிகைச் சீட்டைத் திருத்துவேன். மின்கட்டண ரசீதின் பின்னால் கணக்குப் போட்டால் அதையும் திருத்துவேன். கம்பெனிக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டாமல் அனுப்புவதே இல்லை. ஆனால் கல்யாணமான பன்னிரண்டாம் நாள், சமையலறை டப்பாக்களில் எதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினார். ஒரு டப்பாவைக் காலியாக வைத்து, அதன்மேல் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்றார். மற்ற சீட்டுகளையெல்லாம் அன்றே திருத்தி ஒட்டிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை தொடவில்லை.

அதனால் தாள் எதுவும் வைக்க வேண்டாம். உன் எழுத்துக்கு மேலே இருப்பது சரியாகத்தான் இருக்கிறது.

கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பதினோரு அடி போதும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். அடுத்த மாதம் திறப்பு. நீ வராவிட்டால் நான் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவேன். நேற்று பெயர்ப்பலகை எழுதுகிறவரைப் பார்த்துவிட்டு வந்தார். கடைக்கு என் பெயரைத்தான் வைக்கப்போகிறாராம். பலகைக்காரர் கேட்டதற்குத் தன் கையாலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

எப்படி எழுதிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணி